அத்தை வாங்கிய அரை டன் விறகு

மருத்துவ முகாமுக்குக் கொண்டுவந்திருந்த எடை மிஷின் மீது ஹேமாவதி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். நர்ஸ் வினோதினி குனிந்து எண்ணைப் பார்த்தாள், நிமிர்ந்து ஹேமாவதியின் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் குனிந்தாள்.

"இறங்கிட்டு இன்னொரு தபா ஏறுக்கா."

ஹேமாவதி இறங்கி ஏறினாள்.

"ஐம்பத்திரண்டரை!"

வினோதினி போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றிருந்த கோட்டைக்குப்பத்து ஜனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "போன ஐப்பசியில நீ எவ்ளோ இருந்தன்னு ஞாபகம் இருக்காக்கா? முப்பத்தெட்டு! மாத்திரையெல்லாம் முடிஞ்சுது, சளி டெஸ்ட்டும் சுத்தம். இனிமே என்னைப் பாக்க வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்று சீட்டில் இரண்டு எடையையும் எழுதி, கீழே டி.பி. சிகிச்சை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஹேமாவதி சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முகாமில் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்கள். வெட்கப்படாமல் இரண்டு கேட்டு வாங்கித் தின்றுகொண்டே ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். காலடியில் மணல் அழுந்துவது தெரிந்தது. முப்பத்தெட்டில் இருந்தபோது காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே பக்கத்தில் இருக்கிற கம்பத்தையோ புருஷனையோ பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இப்போது ஏரிக்காற்று புடவையை மட்டும்தான் இழுத்தது.

படகுத்துறையை ஒட்டி அவளுடைய விறகுத்தொட்டி. மரம்வெட்டி எல்லப்பன் கொண்டுவரும் வேலிகாத்தான் மரத்தைப் பிளந்து, வெயிலில் காயவைத்து, ஆள் உயரத்துக்கு அடுக்கி விற்பாள். டீக்கடைக்காரர்கள் வாங்குவார்கள், பிரியாணிக் கடைக்காரர்கள் வாங்குவார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் டன் கணக்கில் வாங்குவார்கள். அவள் படுத்துக் கிடந்த மாதங்களில் புருஷன் கேசவன்தான் தொட்டியைப் பார்த்துக்கொண்டான். கேசவனுக்கு ஏரியில் மீன் எங்கே மேய்கிறது என்று தெரியும். விறகு விற்க மட்டும் தெரியாது. தராசைத் தொடவே மாட்டான், எல்லாம் கண் மதிப்புதான். வாங்க வந்தவர் முகம் வாடினால் இரண்டு கட்டை கூடப் போடுவான், சிரித்துப் பேசினால் நாலு கட்டை. அந்த மாதங்களில் கோட்டைக்குப்பத்தில் யார் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை, தொட்டியில்தான் அடுக்கு கரைந்துபோனது. ஹேமாவதி எழுந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் கொள்முதல் செய்து, அடுக்கு இப்போதுதான் அவள் தோள் உயரத்துக்கு வந்திருந்தது.

அவள் தொட்டிக்குள் நுழைந்தபோது ஏரியிலிருந்து ஒரு ஃபைபர் படகு துறைக்கு வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் ஒல்லியான ஒரு நடுவயதுக்காரன். படகின் நடுவில், மூன்று பைகளும் ஒரு பூக்கூடையும் சூழ, பச்சைப் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நல்ல உடம்பு, நல்ல குரல். படகு கரையைத் தொடுவதற்கு முன்பே குரல் தொட்டிக்கு வந்துவிட்டது.

"ஏம்மா! விறகுத்தொட்டி இதானே? அரை டன் வேணும். இன்னா வெல?"

அந்த அம்மாள் பெயர் தனக்கோடி. ஏரிக்கு அந்தாண்டை ஊர். மறுநாள் அவளுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு அத்தை என்பதால் சாமான் வாங்கும் பொறுப்பு முழுக்க அவள் தலையில். காலையிலேயே பழவேற்காடு பஜாரில் பூ, மஞ்சள், வளையல் எல்லாம் வாங்கிவிட்டுக் கடைசியாக விறகுக்கு வந்திருக்கிறாள். படகோட்டி அவளுடைய கொழுந்தன் சின்னதம்பி.

"கேஸ் அடுப்பு வெச்சுக்கோடான்னா, சமையல் மாஸ்டரு கேக்க மாட்டேங்கறான். பிரியாணிக்கு விறகுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவி, இன்னொரு கட்டையோடு தட்டிப் பார்த்தாள். டங்கென்று ஓசை வந்தது. மோந்து பார்த்தாள். பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். விறகு வாங்கத் தெரிந்தவள் என்று ஹேமாவதிக்குப் புரிந்துவிட்டது. அதில் ஒரு சந்தோஷமும் வந்தது. வாங்கத் தெரிந்தவளிடம் விற்றுப் பல மாதம் ஆயிற்று.

"கிலோ எட்டு ரூபாக்கா. சித்திரை வெயில் பூரா குடிச்ச கட்டை. பொகையே வராது."

"எட்டா? ஆறு போட்டுக்கோ."

"ஆறுக்குப் பச்சை மரம்தான் கிடைக்கும். பொண்ணு கண்ணுல தண்ணி வந்தா, மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பொண்ணுக்கு இஷ்டம் இல்லையோன்னு நெனச்சுக்குவாங்க."

சின்னதம்பி சிரித்தான். தனக்கோடி அவனை ஒரு முறை முறைத்தாள்.

"ஆறரை."

"ஏழே முக்கால்."

"ஏழு. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது."

"சரிக்கா, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நடுவுல ஏழரை."

தனக்கோடி காதில் தேள் கொட்டியதுபோல் பின்வாங்கினாள். "இன்னாது? கல்யாண வெறகுக்கு ஏழரையா? நாளைக்கு முகூர்த்தத்தை வெச்சுக்கினு, என் வாயால ஏழரைக்கு வாங்கினேன்னு நான் போய்ச் சொல்லவா?"

"அய்யோ, ஆமாக்கா. எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றாள் ஹேமாவதி, ரொம்பவும் தோன்றாத முகத்தோடு. "அப்ப எட்டே வெச்சுக்கலாம். எட்டுன்னா ஒண்ணும் தப்பில்ல."

தனக்கோடி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "கில்லாடிமா நீ. சரி எட்டு. ஆனா பத்த வைக்கற சிராயும் தென்னமட்டையும் சும்மாதான் குடுக்கணும்."

"எடுத்துக்கோ."

விலை முடிந்தது. எடை போட வேண்டியதுதான் பாக்கி. ஹேமாவதி தொட்டியின் மூலையில் தார்ப்பாய் மூடிக்கிடந்த எலக்ட்ரானிக் தராசைத் திறந்து ஸ்விட்சைப் போட்டாள். சிவப்பு எழுத்தில் வரிசையாக நாலு எட்டு வந்தது. அணைத்துப் போட்டாள், மறுபடியும் நாலு எட்டு. தட்டினாள். எட்டும் போய் இருட்டாகிவிட்டது. ஒரு மாதமாகச் சில்லறை விறகைக் கட்டுக் கணக்கில் விற்றுக்கொண்டிருந்ததால் அவள் இதைத் திறந்தே பார்க்கவில்லை. குனிந்து அடியில் பார்த்தாள். ஒயரெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது.

"இன்னாயா பண்ண இதை?"

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த கேசவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "நான் ஒண்ணும் பண்ணல ஹேமா. ஈர வலைய மட்டும் அது மேல போட்டு வெப்பேன். ஒசரமா, சோக்கா இருந்துச்சு."

ஹேமாவதி கண்ணை மூடித் திறந்தாள். இறால் ஏஜென்டிடம் ஒரு தராசு உண்டு. அவன் கடையைப் பூட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போயிருந்தான். எடை மிஷினோடு முகாம் வேனும் அதற்குள் கிளம்பிப் போய்விட்டது.

"எதுக்கு தராசு?" என்றான் கேசவன். "எத்தினி வருசமா பாக்கறேன். அரை டன்னு, இதோ இங்க இருந்து அந்த முனை வரைக்கும்." கையை நீட்டிக் காட்டினான். அவன் காட்டியது முக்கால் டன்னுக்குக் குறையாது.

"அண்ணன் சொல்றது சரி" என்றாள் தனக்கோடி சட்டென்று. "அண்ணன் கண்ணாலயே அளந்து குடுக்கட்டும். நல்ல முகம். நம்பிக்கையான முகம்."

"அந்த முகத்தை நம்பித்தான்கா என் தொட்டி காலியாச்சு. தராசு இல்லாம ஒரு கட்டை நகராது."

"அப்ப நாங்க வேற எடம் பாத்துக்கறோம். மதியத்துக்கு மேல கடல் பக்கத்துல இருந்து கொண்டக்காத்து ஏறிடும். ஏரி கலங்கிச்சுன்னா எதிர்ல படகு விட முடியாது. வாடா சின்னதம்பி!"

தனக்கோடி விடுவிடுவென்று துறைக்குப் போய்ப் படகில் ஒரு காலை வைத்து ஏறினாள். எழுந்து வந்த பிறகு முதல் பெரிய வியாபாரம், கை நழுவிப் போகிறது. ஓடிப்போய்க் கூப்பிட வாயெடுத்த ஹேமாவதி அப்படியே நின்றாள். தனக்கோடி ஏறியதும் படகு தண்ணீரில் நாலு விரல் இறங்கியது. பின்னாலேயே சின்னதம்பி ஏறினான். இன்னும் இரண்டு விரல். தனக்கோடி எதையோ மறந்தவள்போல மறுபடி இறங்கி, கரையில் வைத்திருந்த பூக்கூடையை எடுத்தாள். படகு மேலே வந்தது.

ஹேமாவதி இடுப்பில் இருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நில்லு! தராசு இருக்கு!"

"எங்க கீது?"

"நீ நிக்கறதுதான்."

அவள் மூச்சுவாங்கச் சொன்னதைக் கேட்டுத் தனக்கோடி முதலில் விழித்தாள். விஷயம் சுலபம்தான். காலையில் ஊரே முகாமில் எடை போட்டிருக்கிறது, ஆளாளுக்குக் கையில் சீட்டு இருக்கிறது. அரை டன் எடைக்கு ஆட்கள் படகில் ஏறி உட்கார வேண்டியது. தண்ணீர் எதுவரை வருகிறதோ அங்கே ஒரு கோடு. ஆட்கள் இறங்கிவிட்டு, அதே கோடு வரைக்கும் விறகு ஏற்ற வேண்டியது. அவ்வளவுதான்.

"படகும் உன்னுது, கோடும் நீயே போடு. எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றாள் ஹேமாவதி.

தனக்கோடி யோசித்தாள். ஏமாற்ற இடம் எங்கே இருக்கிறது என்று தேடினாள். கிடைக்கவில்லை. "சீட்டெல்லாம் என் கண்ணால பாப்பேன்" என்றாள்.

செய்தி பரவ ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வலை சீர்பார்த்துக்கொண்டிருந்த மூன்று ஆண்கள் வந்தார்கள். விறகு இறக்க வந்திருந்த எல்லப்பன் வந்தான். கேசவன் தன் சீட்டைச் சட்டைப்பையில் தேடி, பீடிக் கட்டுக்கு நடுவிலிருந்து எடுத்தான். பக்கத்து வீட்டு மாலா கைக்குழந்தையோடு வந்தாள். கடைசியாக வந்தவள் பானுப்ரியா, ஹேமாவதியின் சிநேகிதி, கருவாடு வியாபாரம் செய்பவள். ஏறுவதற்கு முதல் ஆளாக நின்றவள், சீட்டைக் கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் வாயாலயே சொல்றேன். ஐம்பத்தெட்டு."

தனக்கோடி உடனே "எழுதிக்கோ, ஐம்பத்தெட்டு" என்றாள்.

"அக்கா, அவசரப்படாத" என்று ஹேமாவதி குறுக்கே வந்தாள். பானுப்ரியா எவ்வளவு குறைத்துச் சொல்கிறாளோ அவ்வளவு விறகு தொட்டியிலிருந்து சும்மா போகும். தனக்கோடிக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. "பானு, சீட்டைக் குடுடீ."

"மாட்டேன். எங்க வூட்டுக்காரரு இங்கதான் நின்னுக்கினு இருக்காரு. அவருகிட்ட ஐம்பத்தெட்டுனுதான் சொல்லி வெச்சிருக்கேன்."

வலை சீர்பார்க்க வந்த மூவரில் ஒருவன் அவள் புருஷன். அவன் ஏரியைப் பார்த்தபடி, "நான் கேக்கல, நான் ஒண்ணும் கேக்கல" என்றான்.

கடைசியில் ஹேமாவதியும் தனக்கோடியும் மட்டும் பார்ப்பது, வெளியில் சொல்லுவதில்லை என்று முடிவானது. பானுப்ரியா சீட்டை நீட்டினாள். இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக் குனிந்து பார்த்தார்கள். தனக்கோடி புருவத்தை உயர்த்தினாள். ஹேமாவதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். தனக்கோடி விரல் விட்டுக் கூட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு சீட்டாக முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், பழக்கதோஷத்தில் இதையும் சேர்த்து, "எழுபத்தொண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

துறையே அதிர்ந்தது. பானுப்ரியா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளிருந்து அவளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னா, மொத்தமும் நான் புடிச்ச மீனுதான்" என்றான் அவள் புருஷன் பெருமையாக.

கடைசிச் சீட்டு ஹேமாவதியுடையது. தனக்கோடி அதைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துப் பார்த்தாள். இரண்டு எடையும் அதில் இருந்தது. கீழே எழுதியிருந்ததும் இருந்தது. சிரிப்புச் சத்தம் அடங்கியது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் வெளியூர்க்காரி என்ன சொல்வாளோ என்று எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஹேமாவதி கால் விரலால் மணலைக் கீறினாள். ஐப்பசியில் அவள் கைபட்ட காசை வாங்க யோசித்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

"முப்பத்தெட்டா இருந்தியா நீ?"

"ஆமாக்கா."

"முப்பத்தெட்டுல இருந்து ஐம்பத்திரண்டரை." தனக்கோடி விரலை மடக்கினாள். "பதினாலரைக் கிலோ. ஏம்மா, இது முழுசா ஒரு கட்டு வெறகு ஆச்சே! சும்மாவா ஏத்தியிருக்க. என் தம்பிக்கும் இதே சீக்குதான் வந்துச்சு. மாத்திரை முழுங்க பயந்துக்கினு ஓடுவான். இப்பப் பாரு, லாரி ஓட்டறான்." சீட்டை மடித்து ஹேமாவதி கையிலேயே வைத்து அழுத்தினாள். "நீதான் மொதல்ல ஏறணும். போ, குந்து."

ஹேமாவதி ஏறினாள். பின்னாலேயே பானுப்ரியா வந்து, இடமிருந்தும் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேர் ஏறினார்கள். கூட்டிப் பார்த்தால் ஐந்நூறுக்கு ஏழு கிலோ குறைந்தது.

"என் புள்ளையும்தான் எடை போட்டான்" என்றாள் மாலா. "ஆறரைக் கிலோ. சீட்டு இருக்கு."

குழந்தையின் சீட்டையும் தனக்கோடி விடாமல் வாங்கிப் பார்த்தாள். "வா நைனா, நீயும் வந்து குந்து" என்று மாலாவின் மடியில் ஏற்றிவிட்டாள். மிச்சம் அரைக் கிலோவுக்குக் கடைசியில் ஒரு கட்டை போட்டுக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள்.

தண்ணீரில் நின்றிருந்த சின்னதம்பி படகின் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. "அண்ணி, படகு மெதக்கல. சேத்துல குந்திக்கிச்சு. இந்த ஆழத்துல நூறு பேரு ஏறினாலும் கோடு இங்கதான் நிக்கும்."

துறை ஓரத்தில் ஏரி முழங்காலுக்கு மேல் வராது. சின்னதம்பியும் வேடிக்கை பார்க்க வந்த நாலு பேருமாகப் படகைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீருக்குப் போனார்கள். தனக்கோடி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நனைந்தால் நனையட்டும் என்று கூடவே நடந்தாள். கோடு போட எதுவும் இல்லை. சாக்குக்கட்டி தண்ணீரில் நிற்காது. தனக்கோடி தோளில் மாட்டியிருந்த பையைத் துழாவி, கல்யாணப் பெண்ணுக்கு வாங்கியிருந்த சிவப்பு நெயில் பாலிஷை எடுத்தாள்.

"யாரும் ஆடாதீங்க. மூச்சு விடாதீங்க."

எட்டுப் பேரும் சிலை மாதிரி உட்கார்ந்தார்கள். தண்ணீர் அசைவற்று நின்றது. தனக்கோடி குனிந்து மூக்கு தண்ணீரைத் தொடுகிற மாதிரி வைத்துக்கொண்டு தூரிகையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து, ஐம்பத்தெட்டு என்று யாரோ பெருமூச்சு விடுவதுபோலச் சொன்னார்கள். கேசவன்தான். பானுப்ரியா வெடித்துச் சிரித்தாள். அவள் சிரித்ததில் ஹேமாவதிக்கு வந்தது, அவளிடமிருந்து எல்லப்பனுக்குப் போனது. எல்லப்பன் சத்தமில்லாமல் சிரிக்கிறவன், தோள் மட்டும் குலுங்கியது. படகு தொட்டில் மாதிரி ஆடியது. கோடு கோணலாக வந்தது.

"சிரிக்காதீங்கடா! காத்து வந்துடும்!" என்று கத்திய தனக்கோடியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹேமாவதி அடிவயிற்றிலிருந்து சிரித்தாள். சிரிக்கும்போது இருமல் வருமோ என்று பழைய பயம் ஒன்று எட்டிப் பார்த்தது. வரவில்லை. மூச்சு நெஞ்சின் அடிவரை போய்த் திரும்பியது. அதைத் தெரிந்துகொள்வதற்காகவே இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

ஒரு வழியாக அடங்கி, கோணல் கோட்டை அழித்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று நாலு கோடு போட்டார்கள். கடைசிக் கோடு போடும்போது குழந்தை மாலாவின் மடியில் மூத்திரம் பெய்துவிட்டது.

"எடை கொறைஞ்சுடுச்சு!" என்றாள் தனக்கோடி. "கால் கிலோவாவது போயிருக்கும். கோட்டை மாத்து."

"இன்னாக்கா நீ, அவன் பேஞ்சது படகுக்குள்ளதானே?" என்றான் கேசவன். "எடை எங்க போச்சு? இதோ என் கால்ல ஓடுது."

தனக்கோடி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு நியாயம்தான் என்று தலையாட்டினாள்.

ஆட்கள் இறங்கினார்கள். படகு உயரே வந்தது. நாலு சிவப்புக் கோடும் தண்ணீருக்கு மேல் பளிச்சென்று தெரிந்தன. தொட்டியிலிருந்து படகு வரை வரிசையாக நின்று கைமாற்றினார்கள். எல்லப்பன் அடுக்கிலிருந்து உருவி எறிய, பானுப்ரியா பிடித்துக் கொடுக்க, படகில் சின்னதம்பி முன்னும் பின்னும் பரப்பி அடுக்கிக்கொண்டே, நடுநடுவே இறங்கிக் கோட்டைப் பார்த்தான். ஹேமாவதியும் வரிசையில் நின்றாள். உட்காரு, நாங்க பாத்துக்கறோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. முதல் பத்துக் கட்டைக்குக் கை வலித்தது, அதற்குப் பிறகு வலி மறந்துபோய்விட்டது.

கோட்டுக்கு இரண்டு விரல் இருக்கும்போது ஒவ்வொரு கட்டையாகப் போட்டார்கள். கேசவன் இதுதான் சமயம் என்று தடிமனாகப் பார்த்து ஒரு வேரடிக் கட்டையைத் தூக்கி வந்தான்.

"யோவ்! அதை எங்க தூக்கற? கீழ வை."

"நீயும் ஒரு கட்டைக்குப் போய்..."

"கீழ வை."

வைத்தான். ஒல்லியான கட்டை ஒன்று ஏறியது. இன்னொன்று ஏறியது. தண்ணீர் சிவப்பைத் தொட்டது.

"போதும்" என்றாள் ஹேமாவதி.

"இன்னா போதும்? தண்ணி கோட்டோட அடியைத்தான் தொட்டுது. கோட்டுக்கு மேல் வெளிம்பு வரைக்கும் வரணும்" என்றாள் தனக்கோடி.

"நீ கோடு போட்டப்ப தண்ணி எங்க இருந்துச்சு? கோட்டுக்கு அடியிலதானே? தண்ணிக்கு மேலதானே தடவின?"

"பாதி தண்ணியிலதான் தடவினேன்."

"தண்ணியில தடவினா ஒட்டுமாக்கா நெயில் பாலிஷ்?"

தனக்கோடி குனிந்து கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சின்னதம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஹேமாவதி விட்டுக்கொடுத்தாள். "சரி, கோட்டு நடு வரைக்கும். பாக்கி அரைக் கிலோக் கட்டையும் அதுலயே சேத்தி." இரண்டு கட்டை ஏறியது. கை குலுக்காத குறை.

பணத்தைக் கொடுத்துவிட்டு, சிராய் இரண்டு கோணியும் தென்னமட்டையும் வாங்கி ஏற்றிக்கொண்டு தனக்கோடி படகின் முனையில் உட்கார்ந்தாள். இடுப்பு வரை நனைந்திருந்த பட்டுப்புடவையைப் பிழிந்துவிட்டபடி எல்லாரையும் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "நாளைக்குக் கல்யாணத்துக்கு எடைக்கல்லு மொத்தமும் வந்துடணும். ஒண்ணு கொறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன். அந்த ஆறரைக் கிலோ உட்பட!"

காற்று அப்போதுதான் ஏறத் தொடங்கியது. படகு தாழ்ந்து, நிதானமாக, ஏரியின் நடுவை நோக்கிப் போனது.

மறுநாள் கேசவனின் படகில் எட்டுப் பேரும் குழந்தையும் அக்கரைக்குப் போனார்கள். தாலி கட்டும்போதே மேளத்தை மீறித் தனக்கோடியின் குரல் கேட்டது. இவர்களைக் கண்டதும் ஓடிவந்து, பெண் வீட்டுச் சொந்தக்காரர்களிடமெல்லாம் "இவங்கதான் நம்ம அரை டன்னு" என்று அறிமுகம் செய்தாள். கல்யாணப் பெண் மணவறையிலிருந்தே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் நகத்தில் பாலிஷ் இருந்தது. மூன்று விரலுக்கு வரவில்லை என்று சின்னதம்பி ரகசியமாகச் சொன்னான்.

மத்தியானம் பந்தி. பிரியாணி அண்டாவைத் திறந்தபோது எழுந்த வாசனையில் பந்தல் முழுக்கத் தலைகள் திரும்பின. ஹேமாவதி முதல் பந்தியிலேயே இடம் பிடித்து உட்கார்ந்தாள். மாத்திரை முழுங்கிய நாட்களில் சோறென்றாலே கசப்பு. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், கேசவன் கஞ்சியை ஆற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு இலையில் விழுந்ததெல்லாம் இனித்தது. கறியை எலும்பு வரை சுவைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேசவன் தன் இலையிலிருந்த கறித்துண்டை நைசாக அவள் இலைக்குத் தள்ளினான்.

"கண் மதிப்புல போடாதே" என்றாள் அவள். ஆனாலும் தின்றாள்.

அப்போது தோளில் துண்டும் முகத்தில் வியர்வையுமாக ஒரு இளைஞன் பந்திக்குள் வந்து, "யாருங்க விறகுத்தொட்டிக்காரம்மா?" என்று கேட்டான். சமையல் மாஸ்டர் பிரசாந்த். பொன்னேரிக்காரன்.

ஹேமாவதி எச்சில் கையை உயர்த்திக் காட்டினாள்.

"சோக்கான விறகுமா. ஊதவே இல்ல, பொகையே காணோம். தம் போடறதுக்குத் தணல் அப்படியே நின்னுச்சு. எனக்கு ஆனியில ரெண்டு கல்யாணம் கீது, ஆவணியில மூணு. எல்லாத்துக்கும் நீங்களே குடுத்துடுங்க. அதே எட்டு ரூபாதானே?"

ஹேமாவதி எலும்பை இலை ஓரத்தில் வைத்தாள். ஐந்து கல்யாணம். எல்லப்பன் வெட்டுகிற வெட்டுக்கு இன்னும் இரண்டு ஆள் வேண்டும், மழைக்கு முன்னால் காயவைக்க இடம் வேண்டும், மேலே தகரம் போட வேண்டும், முதலில் தராசு வாங்க வேண்டும். எல்லாம் நொடியில் மனசுக்குள் அடுக்கடுக்காக ஏறின. எதுவும் பாரமாக இல்லை.

"எட்டு, பொண்ணோட அத்தைக்கு. மாஸ்டருக்கு ஒன்பது."

"இன்னாமா இது, மொத்தமா வாங்கறவனுக்கு ஜாஸ்தியா சொல்றீங்க?"

"ஆவணியில மழை தூத்தும் தம்பி. மழைக்காலத்துல காஞ்ச கட்டை குடுக்கறவளுக்கு அந்த ஒரு ரூபா ஜாஸ்தி இல்ல."

பந்தியில் எதிர் வரிசையில் இருந்த தனக்கோடி எட்டிப் பார்த்து, "அவகிட்ட வெச்சுக்காதடா பிரசாந்து, நான் நேத்தே தோத்துட்டேன்" என்று கத்தினாள்.

பிரசாந்த் தலையைச் சொறிந்தான். "எட்டேகால்?"

பரிமாறுகிறவன் அந்த நேரத்தில் பிரியாணி வாளியோடு வந்து ஹேமாவதி முன்னால் நின்றான். மாஸ்டர் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று தயங்கினான்.

"போடுப்பா" என்றாள் ஹேமாவதி. பிறகு பிரசாந்தை நிமிர்ந்து பார்த்தாள். "கொஞ்சம் நில்லுங்க மாஸ்டர். சாப்பிட்டுட்டு வந்து பேசறேன்."